மார்புக்குள்ளா, மார்பின் மேலா? நுரையீரல் எண்ணிக்கை அறைக்குப் புதிதாக வருபவருக்கு

2017 ஜூன் 6 அன்று ஜப்பானின் இபராகி மாகாணத்தில், ஓஅராய் ஆராய்ச்சி மையத்தில், ஐந்து தொழிலாளர்கள் ஒரு பழைய எரிபொருள் கலனைத் திறந்தார்கள். பல ஆண்டுகளாக யாரும் திறக்காத கலன் அது. திருகாணிகளைத் தளர்த்தியதும் உள்ளே உப்பிப்போயிருந்த பிளாஸ்டிக் பை வெடித்து, புளூட்டோனியம் கலந்த தூள் அறை முழுவதும் பறந்தது. அவர்கள் அணிந்திருந்தது முகத்தில் பாதியை மட்டும் மூடும் முகமூடி. அந்த அறையிலேயே ஏறக்குறைய மூன்று மணி நேரம் காத்திருந்தார்கள். பிறகு மார்பை அளந்தபோது, ஒருவருடைய நுரையீரலில் புளூட்டோனியம்-239 மட்டும் 22,000 பெக்கரல் (வினாடிக்கு ஒரு சிதைவு என்றால் ஒரு பெக்கரல்) இருப்பதாகக் கணக்கு வந்தது. 50 ஆண்டுகளில் அவர் உடல் பெறக்கூடிய கதிர் அளவு 12 சீவர்ட் என்று உலகச் செய்திகளில் அடிபட்டது.

சில நாட்களில், சிபாவில் உள்ள தேசியக் கதிரியக்க அறிவியல் நிறுவனத்தில் அவர்களை மறுபடி கழுவித் துடைத்து அளந்தார்கள். நுரையீரலில் புளூட்டோனியம் தென்படவில்லை. முதல் அளவீட்டில் கருவி கண்டது தோலில் ஒட்டியிருந்த தூளை.

மூச்சோடு நுரையீரலுக்குள் போன கதிரியக்கத் தூளை மார்புக்கு வெளியே கருவி வைத்து எண்ணும் உடல் அளவீட்டு அறைக்கு, கல்பாக்கத்திலோ டிராம்பேயிலோ தாராப்பூரிலோ நீங்கள் பயிற்சிக்கு வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஓஅராயின் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். கணக்குப் போடத் தெரிந்த பிறகுதான் அதன் கனம் புரியும்.

கருவி எதைப் பார்க்கிறது

புளூட்டோனியம் ஆல்ஃபா கதிரை வீசுவது. ஆல்ஃபா ஒரு தாளைக்கூடத் தாண்டாது. விலா எலும்பைத் தாண்டி வெளியே வர வழியே இல்லை. ஆகவே கூடவே வரும் பலவீனமான எக்ஸ் கதிர்களைத்தான் பிடிக்க வேண்டும். அவற்றின் ஆற்றல் 13 முதல் 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை. புளூட்டோனியம்-239-இல் நூறு சிதைவுக்கு ஐந்துகூடத் தேறாது. வருகிற சிலவற்றையும் சதை விழுங்கிவிடும். 17 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிர், ஆறு மில்லிமீட்டர் சதைக்குள் பாதியாகக் குறைகிறது. மூன்று சென்டிமீட்டர் மார்புச் சுவரைத் தாண்டி வருவது நூற்றில் மூன்று பங்கு இருந்தால் அதிகம்.

இங்கேதான் அமெரிசியம்-241 கை கொடுக்கிறது. உலையில் உருவாகும் புளூட்டோனியத்தில் 241 என்ற ஐசோடோப்பும் கொஞ்சம் இருக்கும். அதன் அரை ஆயுள் 14 ஆண்டு. அது சிதைந்தால் அமெரிசியம்-241. சரக்கு பழையதாக ஆக அமெரிசியம் கூடிக்கொண்டே போகும். அதன் 59.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர் நூறு சிதைவுக்கு 36 முறை வருகிறது. ஒரு சென்டிமீட்டர் சதையில் ஐந்தில் ஒரு பங்குதான் இழக்கிறது. அதனால் நடைமுறையில் நாம் அமெரிசியத்தை அளக்கிறோம். பணியிடக் காற்றிலுள்ள தூளைப் பிடித்து வைக்கும் காற்று வடிதாளிலிருந்து இரண்டுக்கும் உள்ள விகிதத்தை எடுத்துப் புளூட்டோனியத்தை ஊகிக்கிறோம். திருடனை நேரில் பார்க்கவில்லை, செருப்புத் தடத்தைப் பார்த்தோம் என்பது போல.

யுரேனியம் கையாளும் இடமானால் யுரேனியம்-235-இன் 186, அல்லது யுரேனியம்-238 சிதைந்து உருவாகும் மகவான தோரியம்-234-இன் 63 மற்றும் 93 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆகிய உச்சிகளை, அதாவது எண்ணிக்கை வரைபடத்தில் அந்த ஆற்றல்களில் எழும் கூர்முனைகளை, தேட வேண்டும். ஓர் எச்சரிக்கை: ரேடியம்-226-க்கும் 186-லேயே ஓர் உச்சி உண்டு.

மணவாளக்குறிச்சி போன்ற மணல் ஆலைகளின் கதை வேறு. மோனசைட்டில் இருப்பது தோரியம். தோரியத்தை நேரடியாகப் பார்க்க முடியாமல் அதன் மகவுகளைப் பார்க்கிறோம்: ஈயம்-212-இன் 239, ஆக்டினியம்-228-இன் 911, தாலியம்-208-இன் 2,615. நெஞ்சுக்குள் தோரியம் இருப்பவரின் மூச்சில் 56 வினாடி அரை ஆயுள் கொண்ட தோரான் வாயு வெளிவரும் என்பதால், மூச்சை ஊதச் சொல்லி அளக்கும் முறையும் உண்டு. ஆனால் அந்தக் கடற்கரையில் வீடு கட்டிக் குடியிருப்பவர் தன் வீட்டுத் தூசியையும் உடம்பில் ஏந்தித்தான் அறைக்குள் வருகிறார். ஆலையையும் வீட்டையும் பிரித்தறியாமல் அவர் பெயருக்கு நேரே ஓர் எண்ணை எழுதிவிடாதீர்கள்.

அறையும் டிடெக்டரும்

அறையின் சுவர் பதினைந்து, இருபது சென்டிமீட்டர் தடிமனான இரும்பு. உள்புறம் ஈயம், அதற்குமேல் தகரம் அல்லது காட்மியம், அதற்கும்மேல் செம்பு என்று மெல்லிய தகடுகளை அடுக்குவார்கள். ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிரை உறிஞ்சும். 1945-க்குப் பிறகு உருக்கிய இரும்பில் அணுகுண்டுச் சோதனைகளின் எச்சம் லேசாகக் கலந்திருக்கும் என்பதால் பழைய இரும்புக்கு ஒரு காலத்தில் பெரும் கிராக்கி. ஸ்காட்லாந்தின் ஸ்காப்பா ஃப்ளோ விரிகுடாவில் 1919-இல் ஜெர்மானியர்கள் தாங்களே மூழ்கடித்த போர்க்கப்பல்களின் தகடுகள் இப்படிச் சில அளவீட்டு அறைகளுக்குச் சுவராயின.

டிடெக்டர் இரண்டு வகை. ஃபாஸ்விச் என்பது முன்னால் மெல்லிய சோடியம் அயோடைடு படிகமும் பின்னால் தடித்த சீசியம் அயோடைடு படிகமும் ஒட்டியது. பரப்பு பெரிது, பின்னணியைத் தானே கழித்துக்கொள்ளும், ஆனால் 59.5-ஐயும் 63-ஐயும் பிரித்துச் சொல்லத் தெரியாது. ஜெர்மானியம் டிடெக்டர் சிறியது, விலை அதிகம், திரவ நைட்ரஜன் குளிர்ச்சி வேண்டும்; ஆனால் உச்சிகளை ஊசி போலப் பிரித்துக்காட்டும். இரண்டுக்கும் இடையில் தேர்வு இருந்தால் நான் ஜெர்மானியத்தைத்தான் கேட்பேன். எதை எண்ணுகிறோம் என்று தெரியாமல் நிறைய எண்ணுவதில் என்ன பயன்?

ஆள் வருவதற்கு முன்

காலையில் முதல் வேலை, சோதனைக்கென்று உள்ள சிறு அமெரிசிய மூலத்தை வைத்து 59.5 உச்சி அதன் இடத்தில் நிற்கிறதா, எண்ணிக்கை வழக்கமான எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது. பிறகு வெறும் அறையில் பின்னணி எண்ணிக்கை. முடிந்தால் கதிரியக்கம் கலக்காத மார்பு பொம்மையை வைத்தே பின்னணி எடுங்கள். மனித உடல் இருந்தாலே கதிர்கள் சிதறிப் பின்னணி மாறும். எழுபது கிலோ மனிதரின் உடலில் இயற்கையான பொட்டாசியம்-40 மட்டும் நாலாயிரம் பெக்கரலுக்கு மேல் இருக்கிறது. அதன் கதிர் 1,461-இல் வந்தாலும், சிதறிச் சிதறி நம் கீழ் ஆற்றல் பகுதியிலும் ஒரு மேடு போடும்.

ஆளை அழைப்பதற்கு முன் தாளைப் பாருங்கள். வழக்கமான ஆண்டு அளவீடா, சம்பவத்துக்குப் பிந்தையதா? சம்பவமானால் எத்தனை மணிக்கு நடந்தது, எந்தச் சரக்கு, மூக்குத் துடைப்பில் என்ன வந்தது, காற்று வடிதாளை யார் வைத்திருக்கிறார்கள்? இந்த நான்கும் தெரியாமல் எடுத்த எண்ணிக்கையிலிருந்து கதிர் அளவுக்குப் போக வழியில்லை. வடிதாளைச் சுருட்டிக் குப்பைப் பையில் போட்டுவிடுவது சம்பவ நேரத்துப் பரபரப்பில் மிக எளிதாக நடக்கும். முதல் தொலைபேசி அழைப்பிலேயே “அதை எடுத்து வையுங்கள்” என்று சொல்லிவிடுங்கள்.

மருத்துவக் கேள்வி ஒன்றும் கேட்டாக வேண்டும். இதய ஸ்கேனுக்கு டெக்னீசியமோ தாலியமோ ஏற்றிக்கொண்டாரா? தைராய்டுக்கு அயோடின்-131 எடுத்தாரா? டெக்னீசியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகும். அயோடினுக்கு எட்டு நாள். இவை உடலில் இருக்கும்போது நம் அளவீடு வீண். தயக்கத்தில் சிலர் சொல்லமாட்டார்கள். தனியாக அழைத்துக் கேட்டால் சொல்வார்கள்.

குளியல்

இந்தப் பகுதியைத்தான் புதியவர்கள் சடங்கு போல நடத்தி முடிப்பார்கள். ஓஅராயில் எல்லாம் கோணலாகப் போன இடம் இது.

தலை முதல் கால் வரை சோப்புக் குளியல். பிறகு நிலையத்தின் உடை; சொந்தத் துணி எதுவும் கூடாது. ஆல்ஃபா மானியை உடல் முழுக்க மெதுவாக ஓட்டுங்கள். ஈரம் ஆல்ஃபாவை மறைக்கும் என்பதால் நன்றாகத் துவட்டிய பிறகு ஓட்ட வேண்டும். கழுத்து மடிப்பு, காதின் பின்புறம், மீசை, நகக்கண், தொப்புள், அக்குள். நம் ஊரில் இன்னும் சில இடங்கள் உண்டு. அரைஞாண் கயிறு, கழுத்தில் மந்திரித்துக் கட்டிய கயிறு, தாலிச் சரடு, பூணூல்: நூலின் முறுக்குக்குள் தூள் புகுந்தால் சோப்பு எட்டாது. கழற்ற மாட்டேன் என்பவரிடம் வாதாடாதீர்கள்; கயிற்றைத் தனியே அளந்து, சுத்தம் என்றால் சுத்தம் என்று எழுதிக்கொள்ளுங்கள். தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய் தூசியைப் பிடித்து வைக்கும். நெற்றியில் திருநீறு, சந்தனம் இருந்தால் கழுவச் சொல்லுங்கள்.

ரேடான் மகவுகள் முடியிலும் துணியிலும் ஒட்டி வருவது எல்லோருக்கும் பொது. அவற்றின் அரை ஆயுள் அரை மணிக்குள் என்பதால் கொஞ்ச நேரம் உட்கார வைத்தால் தணியும். தோரான் வழி வரும் ஈயம்-212-க்கு பத்தரை மணி நேரம். உட்கார வைத்துப் பயனில்லை, குளியல்தான்.

படுக்கையும் எண்ணிக்கையும்

மல்லாந்தோ சாய்ந்தோ படுக்கச் சொல்லி, காறை எலும்புக்குக் கீழே இருபுறமும் டிடெக்டர்களை இறக்குங்கள். தோலைத் தொடாமல், ஆனால் ஒரு சென்டிமீட்டருக்குள். வலப்பக்கம் கீழே போகக்கூடாது. அங்கே கல்லீரல் இருக்கிறது. நுரையீரலிலிருந்து கரைந்து ரத்தத்தில் கலக்கும் அமெரிசியம் கல்லீரலிலும் எலும்பிலும் போய் உட்காரும். பழைய சம்பவம் என்றால் கல்லீரலையும் முழங்காலையும் தனியே எண்ணிப்பார்ப்பது நல்லது. டிடெக்டரின் உயரத்தையும் சாய்வையும் அளவுகோலில் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே இடத்தில் வைக்க முடியவில்லை என்றால் இரண்டு அளவுகளையும் ஒப்பிடும் யோக்கியதை நமக்கு இல்லை.

முப்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை. கனத்த கதவு மூடும்போது சிலருக்கு மூச்சு முட்டும். உள்ளே பேசும் ஒலிபெருக்கி இருப்பதையும், எந்த நேரமும் வெளியே வரலாம் என்பதையும் கதவை மூடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பதற்றத்தில் புரண்டால் அந்த எண்ணிக்கை போச்சு.

மார்புச் சுவரின் தடிமனை அல்ட்ராசவுண்டில் அளப்பது சிறந்தது. இல்லாவிட்டால் எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் சூத்திரம். இரண்டு சென்டிமீட்டர் சுவர் உள்ளவருக்கும் மூன்று சென்டிமீட்டர் உள்ளவருக்கும் நடுவே அமெரிசியம் எண்ணிக்கை ஐந்தில் ஒரு பங்கு குறையும். புளூட்டோனியத்தின் எக்ஸ் கதிரோ மூன்றில் ஒன்றாகிவிடும். அளவுத்திருத்தப் பொம்மையான லிவர்மோர் மார்பு ஃபாண்டத்துக்கு வெவ்வேறு தடிமனில் மேலுறைகள் வருவது இதற்காகத்தான். அவை மேலைநாட்டு ஆண் உடம்பை வைத்து வார்த்தவை. மெலிந்த தமிழ்நாட்டு ஒப்பந்தத் தொழிலாளிக்கும் பெண்களுக்கும் அதே எண்ணை அப்படியே போட்டால் பிழை வரும் என்பது என் நிரந்தரப் புகார்.

நிறமாலையைப் படிக்கும்போது

திரையில் 59.5-இல் ஓர் உச்சி எழுந்துவிட்டது. உடனே பெக்கரல் கணக்குக்குத் தாவாதீர்கள். முதலில் 14 முதல் 21 வரையுள்ள பகுதியைப் பாருங்கள். அமெரிசியமும் அந்தப் பகுதியில் எக்ஸ் கதிர் வீசும், அதுவும் 59.5 காமாவுக்கு ஏறக்குறையச் சமமான அளவில். தூள் தோலின் மேல் இருந்தால் அந்த எக்ஸ் கதிர்கள் தடையின்றி வந்து, கீழ்ப்பகுதியில் உச்சிகள் ஓங்கி நிற்கும். நுரையீரலுக்குள் இருந்தால் சதை அவற்றைத் தின்றுவிட, 59.5 மட்டும் தனிமரமாகத் தெரியும். உள்ளேயா வெளியேயா என்ற கேள்விக்கு நிறமாலை தரும் நேரடியான பதில் இதுதான்.

ஐயம் இருந்தால் மறுபடி குளிக்கச் சொல்லி மறுபடி எண்ணுங்கள். குளியலுக்குப் பின் எண்ணிக்கை சரிந்தால் அது தோல். இடது, வலது டிடெக்டர்களில் ஒன்று மட்டும் துள்ளினாலும் தோலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். குளியலுக்கு மசியாமல் ஒரே புள்ளியில் நின்றால் காயம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

ஒரு கணக்கு

எண்களை நான் கற்பனையாகத்தான் வைக்கிறேன், முறை உண்மையானது. 1,800 வினாடி எண்ணியதில் 59.5 சாளரத்தில், அதாவது அந்த ஆற்றலை ஒட்டிய பகுதியில், 130 எண்ணிக்கை; பின்னணி 40. மிச்சம் 90. வினாடிக்கு 0.05. இவருடைய மார்புத் தடிமனுக்கு நம் கருவியின் திறன், ஒரு பெக்கரலுக்கு வினாடிக்கு 0.004 எண்ணிக்கை என்றால், நுரையீரலில் அமெரிசியம் 12.5 பெக்கரல். 130-ஐயும் 40-ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 13. ஆகவே எண்ணும் பிழை மட்டும் 1.8 பெக்கரல். பின்னணி 40-க்குக் கண்டறியும் எல்லை: வர்க்கமூலத்தை 4.65-ஆல் பெருக்கி 2.7 கூட்டினால் 32 எண்ணிக்கை, அதாவது சுமார் 4.5 பெக்கரல். நம் அளவு எல்லைக்கு மேலே இருக்கிறது.

இனி, உள்ளே போனது எவ்வளவு? பணியிடத் தூளுக்கு வழக்கமாகக் கொள்ளும் 5 மைக்ரோமீட்டர் அளவில், மூச்சோடு இழுத்ததில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் படிந்து வெளியேறிவிடும். மறுநாள் நுரையீரலில் எஞ்சுவது நூற்றில் 5.8 பங்கு. ஆகவே உள்ளே போனது ஏறக்குறைய 215 பெக்கரல். சர்வதேசக் கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் அமெரிசியத்துக்குத் தந்த பழைய குணகப்படி, பெக்கரலுக்கு 27 மைக்ரோ சீவர்ட். மொத்தம் 6 மில்லி சீவர்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு.

அப்பாடா என்று பெருமூச்சு விடாதீர்கள். வடிதாள் சொல்கிறது: ஒரு பங்கு அமெரிசியத்துக்கு ஐந்து பங்கு புளூட்டோனியம். அப்படியானால் புளூட்டோனியம் ஆயிரம் பெக்கரலுக்குச் சற்று மேலே உள்ளே போயிருக்கிறது. நடுத்தரமாகக் கரையும் வகை என்றால் பெக்கரலுக்கு 32 மைக்ரோ சீவர்ட். புளூட்டோனியத்தால் மட்டும் 34 மில்லி சீவர்ட். இரண்டும் சேர்த்து 40. இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு ஐந்தாண்டு சராசரியில் ஆண்டுக்கு 20, எந்த ஓர் ஆண்டிலும் 30. வரம்பு மீறியாகிவிட்டது. அதே புளூட்டோனியம் உயர் வெப்பத்தில் சுட்ட ஆக்சைடாக, மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால் பெக்கரலுக்கு 8.3 மைக்ரோ சீவர்ட்தான்; புளூட்டோனியத்தின் பங்கு 8, 9 மில்லி சீவர்ட்டுக்கு இறங்கிவிடும். ஒரே உச்சி, ஒரே 90 எண்ணிக்கை. சரக்கின் வேதியியல் தெரியாவிட்டால் புளூட்டோனியத்தின் பங்கு நான்கு மடங்கு ஆடுகிறது.

எனவே மார்பு அளவீடு தனித்து நிற்காது. முதல் மூன்று நான்கு நாள் மலமும், தொடர்ந்து 24 மணி நேரச் சிறுநீரும் சேகரிக்க வேண்டும். தொண்டையில் படிந்தது விழுங்கப்பட்டு மலத்தில்தான் வரும். மலப் புட்டியை நீட்டினால் முகம் சுளிப்பார்கள். காரணத்தைச் சொன்னால் கொண்டுவருவார்கள். சில வாரங்கள் மார்பை அளந்து வரைபடம் போட்டால் எவ்வளவு வேகத்தில் கரைகிறது என்பதும் தெளியும்.

இப்போது ஓஅராயின் மறுபாதி. 22,000 பெக்கரல் பொய்த்துப்போய், நுரையீரலில் தென்படவில்லை என்று அறிவித்த பிறகு, சிறுநீரில் புளூட்டோனியம் வந்தது. இறுதி மதிப்பீட்டில் ஒருவருக்கு 100 முதல் 200 மில்லி சீவர்ட், இருவருக்கு 10 முதல் 50, மற்ற இருவருக்கு 10-க்கும் கீழே. மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: நடுத்தரமாகக் கரையும் வகையானால், 100 மில்லி சீவர்ட் தரும் புளூட்டோனியத்தில் மறுநாள் நுரையீரலில் எஞ்சுவது இருநூறு பெக்கரலுக்கும் குறைவு. புளூட்டோனியத்தின் எக்ஸ் கதிரை நேரடியாகப் பிடிக்கும் முறைக்கு எல்லையே ஆயிரக்கணக்கான பெக்கரல். கருவி எதையும் காணாததில் வியப்பில்லை. அதனால்தான் அறிக்கையில் ஒருபோதும் “பூஜ்யம்” என்று எழுதக்கூடாது. “கண்டறியும் எல்லையான இத்தனை பெக்கரலுக்குக் கீழே” என்று, எல்லையின் எண்ணோடு எழுதுங்கள்.

கதவைத் திறந்த பிறகு

வெளியே வருபவர் திரையைப் பார்க்கமாட்டார். உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். உங்களைவிட இருபது வயது மூத்தவராக இருக்கலாம். அவரை நிற்க வைத்துவிட்டு மேலதிகாரியிடம் கிசுகிசுக்காதீர்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேசுங்கள். முதல் எண்ணிக்கையில் வந்த எண்ணைத் தூக்கிப் போடவும் வேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். புளூட்டோனியத்தையும் அமெரிசியத்தையும் ரத்தத்தில் பற்றிச் சிறுநீரோடு வெளியேற்றும் டி.டி.பி.ஏ. ஊசியைப் போடுவதா என்பது மருத்துவரின் முடிவு. ஆனால் அது சீக்கிரம் போட்டால்தான் பலன் என்பதால், முழுக் கணக்கும் முடியட்டும் என்று காத்திராமல் முதல் தகவலை அவருக்கு அனுப்பிவிட வேண்டும்.

“ஐயா, மார்பின் மேல் பக்கத்தில் ஏதோ தெரிகிறது. தோலில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இன்னொரு முறை குளித்துவிட்டு வந்தால் உடனே பார்த்துவிடலாம். நாளைக் காலையிலும் ஒரு தடவை வர வேண்டியிருக்கும். தலைக்கு எண்ணெய் வைக்காமல் வாருங்கள். இந்தப் புட்டியை வீட்டுக்கு எடுத்துப்போங்கள், எப்படி நிரப்புவது என்று சொல்கிறேன்.”

இவ்வளவு போதும். பிறகு பின்னணி எண்ணிக்கையை மறுபடி எடுங்கள். அவர் படுத்திருந்த படுக்கையில் ஏதாவது உதிர்ந்திருக்கலாம்.